பார்வையற்றவர் கையில் புதிய போன்: எது பயன், எது பகட்டு

பழைய பட்டன் போனில் 5 என்ற எண்ணின் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். பார்வையுள்ள பலருக்கு அது இருப்பதே தெரியாது. எங்களுக்கு அதுதான் போனின் நடுமையம். கட்டைவிரல் அதில் பட்டதும் மற்ற ஒன்பது எண்களும் தானாகவே தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். 2007இல் ஐபோன் வந்து பட்டன்களையெல்லாம் வழித்துத் துடைத்தபோது, இனி கைப்பேசி நமக்கில்லை என்றுதான் எங்களில் பலர் நினைத்தோம். இரண்டே ஆண்டில் நிலைமை மாறியது. 2009இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸுடன், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் வந்தது. ஆண்ட்ராய்டுக்கு அதே வேலையைச் செய்யும் டாக்பேக் வந்ததும் அதே ஆண்டில்தான். கூகுளில் பணியாற்றிய பார்வையற்ற அறிவியலாளர் டி. வி. ராமன் அப்போது உருவாக்கிய எண்பலகையில் ஒரு நுணுக்கம் உண்டு. திரையில் விரல் முதலில் எங்கே படுகிறதோ அந்த இடமே 5. அங்கிருந்து மேலே நகர்த்தினால் 2, கீழே நகர்த்தினால் 8. வழவழப்பான கண்ணாடியில் மேட்டைத் திரும்பக் கொண்டுவந்த வேலை அது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புதுமையையும் அந்த மேட்டை வைத்தே எடைபோடுகிறேன். விரலுக்கோ காதுக்கோ பிடி கொடுக்கிறதா? கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் எத்தனை விளம்பரம் வந்தாலும் அது வேறு யாருக்கோ செய்த பொருள். அண்மையில் பார்வை இழந்தவர்களுக்கும், வீட்டில் அப்படியொருவருக்குப் போன் கற்றுக்கொடுக்க உட்காருபவர்களுக்கும் நான் வழக்கமாகச் சொல்வதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதலில், உங்கள் வழி எது?

பார்வைக் குறைபாடு என்றதும் முழு இருட்டு என்றே எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓரளவு பார்வை மிஞ்சியிருக்கும். சிலருக்கு நடுவில் மட்டும் மறைக்கும், சிலருக்கு ஓரங்கள் தெரியாது, சிலருக்கு வெளிச்சம் பட்டால் கண் கூசும். ஆகவே திரையைப் பார்த்துப் பயன்படுத்தப் போகிறீர்களா, கேட்டுப் பயன்படுத்தப் போகிறீர்களா என்று முதலில் தீர்மானியுங்கள்.

பார்க்க முடிகிறவர்கள் அமைப்புகளில் எழுத்தின் அளவைக் கூட்டி, தடித்த எழுத்தைத் தேர்ந்து, நிறங்களைத் தலைகீழாக்கிப் பாருங்கள். கூச்சம் உள்ளவர்களுக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நன்றாகவே ஒத்துவரும். திரையின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்க ஆண்ட்ராய்டில் உருப்பெருக்கத்தை இயக்கிவிட்டு ஒரு விரலால் மூன்று முறை தட்ட வேண்டும். ஐபோனில் மூன்று விரல்களால் இரண்டு முறை.

ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து, பத்து நிமிடத்தில் தலைவலி வந்து போனைக் கீழே வைப்பவர் என்றால், உங்கள் வழி காது வழிதான். "இன்னும் கொஞ்சம் தெரிகிறதே" என்று அதைத் தள்ளிப்போட்டே ஆண்டுகளை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன்.

வாங்கும் முன் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள்

கடையில் விற்பனையாளர் நூற்றுக்கணக்கான மெகாபிக்சல் என்பார், கண்ணைப் பறிக்கும் திரை என்பார், வளைந்த விளிம்பு என்பார். வளைந்த விளிம்பு உங்களுக்கு உபகாரம் இல்லை, உபத்திரவம். பிடித்திருக்கும் உள்ளங்கையே திரையைத் தொட்டு, கேட்காததையெல்லாம் வாசிக்க வைக்கும்.

உங்கள் கேள்விகள் வேறு. கைரேகை உணரி எங்கே இருக்கிறது? பக்கவாட்டுப் பட்டனிலோ பின்புறக் குழியிலோ இருந்தால் விரல் தானே கண்டுபிடிக்கும். திரைக்கு அடியில் இருந்தால், வெறும் கண்ணாடியில் சரியான இடத்தைத் தேடித் தேடி அலுத்துப்போவீர்கள். பழகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பழகவே தேவையில்லாத ஒன்று பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு?

இயர்போன் செருகும் துளை இருக்கிறதா? பல புதிய போன்களில் அதை எடுத்துவிட்டார்கள். ப்ளூடூத் வழியே கேட்டால் விரல் ஒரு பொத்தானைத் தாண்டிய பிறகுதான் அதன் பெயர் காதுக்கு வரும். பாட்டுக்கு அந்தத் தாமதம் பொருட்டல்ல, ஆனால் நாள் முழுக்கத் திரையைக் கேட்டே வாழ்பவருக்கு அது கால்செருப்பில் புகுந்த கல். யூஎஸ்பி துளையில் செருகும் கம்பி இயர்போன் கிடைக்கிறது, அதையாவது வாங்கிவிடுங்கள்.

பணத்தைக் கேமராவில் போடாமல் வேகத்தில் போடுங்கள். திரைவாசிப்பான் ஓயாமல் பின்னணியில் ஓடும். நினைவகம் குறைந்த போனில் அது திணறினால், நீங்கள் தட்டியது பதிவானதா இல்லையா என்றே தெரியாமல் மறுபடியும் தட்டுவீர்கள், வேறெதுவோ திறக்கும். எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தருவார்கள் என்பதையும் கேளுங்கள். நமக்கான மேம்பாடுகளில் பல அதன் வழியாகத்தான் வருகின்றன.

இயக்குவது எப்படி, நிறுத்துவது எப்படி

புதிய போனைப் பெட்டியிலிருந்து எடுத்து, யாருடைய உதவியும் இல்லாமல் நீங்களே அமைக்க முடியும். ஆண்ட்ராய்டில் வரவேற்புத் திரை வந்ததும் ஒலி கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள். டாக்பேக் பேசத் தொடங்கும். சில நிறுவனங்களின் போன்களில் இந்தக் குறுக்குவழி சற்று மாறும். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும். முகப்புப் பட்டன் உள்ள பழைய மாதிரி என்றால் அதை மூன்று முறை. பிறகு எப்போது வேண்டுமானாலும் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' அல்லது 'மாற்றுத்திறன் வசதி' என்ற தலைப்பின் கீழ் இவற்றைத் தேடலாம். ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்களுக்கு அது 'ஆக்சஸிபிலிட்டி'.

நிறுத்துவதையும் அதே நாளில் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். திரைவாசிப்பான் ஓடும்போது ஒரு தட்டில் எதுவும் திறக்காது, வாசிக்க மட்டும் செய்யும். இது தெரியாத பார்வையுள்ளவர் கையில் போன் போனால் கதை கந்தல்தான். நான் டாக்பேக் பழகத் தொடங்கிய மாதத்தில் என் அக்காள் மகன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, தொட்டால் திறக்கவே இல்லை, வாய் ஓயாமல் பேசுகிறது" என்று பழுதுபார்க்கும் கடைக்கே கொண்டுபோய்விட்டான். கடைக்காரரும் தட்டிப் பார்த்து, திறக்காமல் போகவே, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்தார். போன் வெகு நன்றாக வேலை செய்தது. என் தொடர்பு எண்கள் முந்நூறும் போயின. மூன்று விநாடி இரண்டு பட்டன்களை அழுத்தியிருந்தால் முடிந்திருக்கும் வேலை.

முதல் வாரம்: ஐந்தே அசைவுகள்

முதல் நாளே வாட்ஸ்அப்பைத் திறக்க ஆசைப்படாதீர்கள். இந்த ஐந்தும் கைவந்தால் போதும்.

ஒன்று, ஒற்றை விரலைத் திரையில் வைத்து மெல்ல இழுத்தல். விரலுக்கு அடியில் என்ன இருக்கிறதோ அதைப் போன் சொல்லிக்கொண்டே வரும். இரண்டு, வலப்பக்கம் சுண்டினால் அடுத்த பொருள், இடப்பக்கம் சுண்டினால் முந்தையது. மூன்று, வேண்டிய பெயர் காதில் விழுந்ததும் திரையில் எங்கு வேண்டுமானாலும் இருமுறை தட்டினால் அது திறக்கும். அந்தப் படத்தின் மேலேயே தட்ட வேண்டியதில்லை என்பதைப் புதியவர்கள் நம்பவே மாட்டார்கள். நான்கு, பட்டியலை உருட்ட ஆண்ட்ராய்டில் இரண்டு விரல், ஐபோனில் மூன்று விரல். ஐந்து, இரண்டு விரல்களால் ஒரு முறை தட்டினால் பேச்சு நிற்கும். ஐந்தில் இதுதான் மன அமைதிக்கான அசைவு.

பலருக்கும் தடுமாற்றம் வருவது சுண்டுவதில். தயங்கித் தயங்கி விரலை இழுப்பார்கள், போன் அதை முதல் அசைவாக எடுத்துக்கொண்டு வழியில் உள்ளதையெல்லாம் வாசிக்கும். சுண்டுவது என்றால் சட்டையில் ஒட்டிய நூலைத் தட்டிவிடுவது போல, தொட்டதும் விட்டுவிட வேண்டும். அழுத்தம் தேவையில்லை. கற்றுக்கொள்பவரின் புறங்கையில் நான் என் விரலால் சுண்டிக் காட்டுவேன். பத்து நிமிடம் வாயால் விளக்கியும் புரியாதது அந்த ஒரு தொடுதலில் புரிந்துவிடும். உதவிக்கு உட்காரும் பார்வையுள்ளவர்களே, அவர் விரலைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் விரலை அவர் கைமேல் வையுங்கள்.

டாக்பேக் அமைப்புகளுக்குள்ளேயே பயிற்சிப் பாடம் உண்டு. வாய்ஸ்ஓவர் அமைப்புகளில் அசைவுகளைச் செய்துபார்க்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே என்ன செய்தாலும் எதுவும் கெட்டுப்போகாது. தினமும் கால் மணி நேரம் அங்கே செலவிடுங்கள். அழைப்பு வந்தால் இரண்டு விரல்களால் இருமுறை தட்டினால் எடுக்கலாம், பேசி முடித்ததும் அதே அசைவில் துண்டிக்கலாம். இரண்டு போன்களுக்கும் இது பொது. ஆண்ட்ராய்டு பழைய பதிப்பு என்றால் மட்டும் பல விரல் அசைவுகள் சில வேலை செய்யாது.

குரல், வேகம், தமிழ்

கூகுளின் பேச்சுப்பொறியிலும் ஐபோனிலும் தமிழ்க் குரல் இருக்கிறது. தமிழ்ச் செய்தியும் குறுஞ்செய்தியும் படிக்க அது வேண்டும். ஆனால் போனின் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருந்து குரல் மட்டும் தமிழாக இருந்தால் உச்சரிப்பு குளறுபடியாகும். பட்டியல் மொழியையும் தமிழுக்கு மாற்றிவிடுவது ஒரு வழி. வேறு ஒருவரிடம் உதவி கேட்கும்போது அவருக்கு அந்தத் தமிழ்ப் பெயர்கள் புரியாமல் விழிப்பது அதன் விலை. ஐபோனில் குரல் மொழிகளைச் சுழல்பட்டியலில் சேர்த்துக்கொண்டால் நொடியில் மாற்றலாம். திரையில் இரண்டு விரல்களை வைத்துக் குமிழைத் திருகுவது போலத் திருகினால் அந்தச் சுழல்பட்டியல் வரும்.

வேகத்தைத் தொடக்கத்தில் குறைத்துவையுங்கள், வாரம் ஒரு படி ஏற்றுங்கள். ஓராண்டில் நீங்கள் கேட்கும் வேகத்தைப் பக்கத்தில் இருப்பவர் கேட்டால் போன் கெட்டுவிட்டதாக நினைப்பார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எழுதுவது

விசைப்பலகையில் விரலை நகர்த்தி, வேண்டிய எழுத்து கேட்டதும் விரலை எடுத்தால் அது பதியும். மெதுவான வழி, ஆனால் எல்லோருக்கும் வரும். பேசி எழுதுவது இன்று தமிழில் வெகுவாகத் தேறிவிட்டது. புதிய வசதிகளில் உண்மையாகவே வாழ்க்கையை மாற்றியது எது என்று கேட்டால் கூச்சமில்லாமல் இதைச் சொல்வேன். அனுப்பும் முன் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டும் தப்பிக்கும் பிழைகள் உண்டு. 'ந', 'ன' இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே விழும். 'நான் வந்தேன்' என்று எழுதியதாக நினைத்து 'னான் வன்தேன்' என்று அனுப்பிவிட்டு, வாசிக்கச் சொன்னால் போனும் ஒன்றும் தெரியாதது போலச் சரியாகவே வாசிக்கும்!

பிரெய்ல் தெரிந்தவர்கள் பாக்கியசாலிகள். ஐபோனில் 2014 முதல், டாக்பேக்கில் 2020 முதல், திரையையே ஆறு புள்ளி பிரெய்ல் விசைப்பலகையாக்கிக்கொள்ளலாம். போனைக் குறுக்காகப் பிடித்து இரு கைகளின் மும்மூன்று விரல்களால் எழுத வேண்டும்.

பூட்டும் அந்தரங்கமும்

முகம் காட்டித் திறப்பது நமக்கு ஒத்துவராது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஐபோன் உங்கள் கண்கள் திரையை நோக்குகின்றனவா என்று பார்ப்பது உண்மை. ஆனால் தொடக்க அமைப்பின்போதே வாய்ஸ்ஓவரை இயக்கியிருந்தால் அந்த நிபந்தனை தானாக விலகிக்கொள்ளும், அமைப்புகளில் கையாலும் நிறுத்தலாம். நிறுத்தினால் நீங்கள் தூங்கும்போது யாராவது போனை முகத்துக்கு நேரே காட்டித் திறக்கும் வாய்ப்பு கூடும். வீட்டு நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும்.

பஸ்ஸில் உட்கார்ந்து கடவுச்சொல்லைத் தடவும்போது போன் அதை உரக்கப் படித்தால்? இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: உங்களுக்குத் திரை தெரியாவிட்டாலும் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஓடும்போது மூன்று விரல்களால் மூன்று முறை தட்டினால் திரை கறுப்பாகிவிடும், போன் வழக்கம்போல் இயங்கும். திரை உருப்பெருக்கமும் இயக்கத்தில் இருந்தால் நான்கு முறை. டாக்பேக் பட்டியலிலும் திரையை மறைக்கும் தேர்வு உண்டு. புதிய போன்களின் பளபளப்பான திரையை நான் மாதக்கணக்கில் இப்படிக் கறுப்பாகவே வைத்திருக்கிறேன்.

யாராவது அழைத்து, ஏதோ ஒரு செயலியை நிறுவி அதற்கு அணுகல்தன்மை அனுமதி தரச் சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள். திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்கள் சார்பில் பொத்தான் அழுத்தவும் அந்த அனுமதி போதும். திரைவாசிப்பானுக்கு அதைக் கொடுத்துப் பழகியதால் நமக்கு அது சாதாரணமாகத் தோன்றும். மோசடிக்காரர்களுக்கு அது வீட்டுச் சாவி.

கேமரா: வியப்பும் எச்சரிக்கையும்

புதிய வசதிகள் என்று இன்று எல்லோரும் பேசுவது இதைத்தான். மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ 2017இல் ஐபோனுக்கு வந்தது, 2023 இறுதியில் ஆண்ட்ராய்டுக்கும் வந்துவிட்டது. கூகுளின் லுக்அவுட் 2019இல் வந்தது. டென்மார்க்கில் பிறந்த பீ மை ஐஸ் 2015 முதல் வீடியோ அழைப்பில் பார்வையுள்ள தன்னார்வலர்களை இணைத்துவருகிறது, 2023இல் செயற்கை நுண்ணறிவு விவரிப்பையும் சேர்த்துக்கொண்டது. படத்தைக் காட்டி, "மேசையில் என் சாவி இருக்கிறதா? எந்தப் பக்கம்?" என்று கேள்வி கேட்கும் அளவுக்கு வந்தாயிற்று. டாக்பேக்கும் வாய்ஸ்ஓவரும் விளக்கக் குறிப்பு எழுதப்படாத படங்களைத் தாமாகவே விவரிக்கின்றன.

காகிதத்தைப் படிப்பது எப்படி என்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவை தாமாக வரும். முதலில் அறை விளக்கைப் போடுங்கள். உங்களுக்கு வேண்டாம், கேமராவுக்கு வேண்டும். இதை மறந்துவிட்டு "செயலி சரியில்லை" என்று நான் சலித்துக்கொண்ட இரவுகள் உண்டு. காகிதத்தை மேசையில் தட்டையாக வைத்து, நான்கு மூலைகளையும் விரலால் தடவி எல்லை காணுங்கள். போனைக் கேமரா கீழே பார்க்க, தாளின் நடுவில் அப்படியே படுக்க வையுங்கள். இரு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, போனைச் சாய்க்காமல் நேர்மேலே ஒரு முழம் போலத் தூக்குங்கள். பல செயலிகள் எந்த ஓரம் தெரியவில்லை என்று சொல்லும். தற்படம் எடுக்கும்போதும் இதே உதவி உண்டு: வாய்ஸ்ஓவர் இயக்கத்தில் ஐபோன் கேமரா எத்தனை முகம், எந்த இடத்தில் என்று அறிவிக்கும்.

மாத்திரை அட்டை வேறு ரகம். பளபளக்கும் தாளில் வெளிச்சம் எதிரொளிக்கும், காலாவதித் தேதி மையில்லாமல் அச்சுக்குத்தாக மட்டும் இருக்கும், முந்தின மாத்திரையைக் கிழித்தபோது பெயரில் பாதி போயிருக்கும். ஒருமுறை என்னுடைய அட்டையில் தேதியின் 3ஐ 8 என்று ஒரு செயலி வாசித்தது. தயக்கமில்லாத, இனிமையான குரலில். அதுதான் ஆபத்து. எழுத்துத் தெரியாவிட்டால் பழைய வாசிப்பான்கள் உளறும், நாம் உடனே உஷாராவோம். செயற்கை நுண்ணறிவோ விட்டுப்போனதைத் தானே நிரப்பி அழகான வாக்கியமாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே மருந்து, பணம், கையெழுத்திடும் தாள் ஆகிய மூன்றுக்கும் மனிதக் கண் ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால் தன்னார்வலரை அழையுங்கள். அவருக்கும் உங்கள் வங்கி அட்டையையோ கடவுச்சொல்லையோ காட்ட வேண்டாம். சட்டையின் நிறம், வந்த கடிதம் யாருக்கு, அடுப்பின் குமிழ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கெல்லாம் செயலியே போதும், அதில் எனக்கு மனக்குறையே இல்லை.

தெருவில்

வரைபடச் செயலி திருப்பங்களைச் சொல்லும். ஆனால் திறந்த வானத்தின் கீழேயே போனின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிசகலாம். நடைபாதைக்கும் நடுத்தெருவுக்கும் இடையே உள்ள தூரம் அதைவிடக் குறைவு. ஆகவே வெண்கோலைப் போன் மாற்றீடு செய்யாது. 2020 முதல் உயர்விலை ஐபோன்கள் சிலவற்றில், ஒளியை அனுப்பித் தொலைவை அளக்கும் லைடார் உணரி இருக்கிறது. எதிரே இருப்பவர் எவ்வளவு தொலைவில் என்று அதைக்கொண்டு சொல்கிறது, 2022 முதல் கதவையும் கண்டுபிடித்துச் சொல்கிறது. வரிசையில் முன்னால் இருப்பவர் நகர்ந்துவிட்டாரா என்று அறிய உண்மையாகவே உதவும். அதற்காக மட்டும் அவ்வளவு பணம் கொடுக்கலாமா என்றால், நான் கொடுக்கவில்லை.

காதை அடைக்கும் இயர்போனை மட்டும் தெருவில் போடாதீர்கள். எலும்பு வழி ஒலி கடத்தும் ஹெட்போன் காதுத் துளையைத் திறந்தே விடும்.

பேசாத செயலிகள்

எல்லாம் பழகிய பிறகும் ஒரு நாள், ஒரு செயலி "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொல்லும். உங்கள் தவறல்ல. செய்தவர் பெயர் எழுதாமல் விட்டுவிட்டார். இரண்டு திரைவாசிப்பான்களிலும் அப்படிப்பட்ட பல பொத்தான்களுக்கு நீங்களே பெயர் சூட்டலாம். ஐபோனில் அந்தப் பொத்தான்மேல் நின்று இரண்டு விரல்களால் இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் பிடியுங்கள். டாக்பேக்கில் மூன்று விரல்களால் ஒருமுறை தட்டி வரும் பட்டியலில் தேடுங்கள். நான் பயன்படுத்திய ஒரு வங்கிச் செயலி, பாதுகாப்பு என்ற பெயரில் எண்களை ஒவ்வொரு முறையும் கலைத்துப் போட்டு, அவற்றை வாசிக்கவும் மறுத்தது. பெயர் சூட்டி அதை வெல்ல முடியாது. செயலிக் கடையில் மதிப்புரையாக எழுதினேன், மின்னஞ்சலும் அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து ஒரு புதுப்பிப்பில் எண்கள் பேசின. என்னால்தானா என்று தெரியாது, ஆனால் எழுதாமல் இருந்திருக்க மாட்டேன்.

புதுப்பிப்பு வந்த அன்றே அதை நிறுவ வேண்டாம். போனின் இயங்குதளம் மாறும்போது திரைவாசிப்பானில் புதுப்பிழைகள் புகுவது வழக்கம், இரண்டொரு வாரம் பொறுத்தால் அவற்றைச் சரிசெய்த பதிப்பு வந்துவிடும். பழைய பட்டன் போன் இருந்தால் அதையும் உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சிம் ஒன்றைப் போட்டு, சார்ஜ் ஏற்றி, படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். நள்ளிரவில் மணி அடிக்கும்போது யோசிக்காமலே இரண்டு விரல்கள் இருமுறை தட்டும் நாள் வரும் வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.